எச்சில் விழுங்க முடிகிறதா?

(நூலக வாசகர் கூட்டத்தில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆபரேஷன் முடிந்து தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு நான் வெளியே வந்தால், வாசலில் நிற்கிற சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மூச்சு நல்லா வருதா டாக்டர்?" முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுவிட்டேன். "வருது, கவலைப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய்க்கும் பழகிவிட்டது. அந்தப் பதிலில் பொய் கிடையாது, ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்வதற்குத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

அதற்கு முன்னால் எல்லோரும் மூன்று சின்ன வேலைகள் செய்ய வேண்டும். வயசானவர்களும் செய்யலாம், கஷ்டமில்லை. ஒருமுறை புருவத்தைச் சுளியுங்கள். அடுத்து, கட்டைவிரலை விரித்து நீட்டி, மறுபடி உள்ளங்கையோடு ஒட்டுங்கள். கடைசியாக, வாயில் ஊறியிருக்கும் எச்சிலை ஒரு மடக்கு விழுங்குங்கள்.

செய்துவிட்டீர்களா? மூன்றும் ஒரே மாதிரி வேலையாகத்தான் உங்களுக்குப் பட்டிருக்கும். நினைத்தீர்கள், நடந்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கோ இவை வெவ்வேறு நேரம் காட்டும் மூன்று கடிகாரங்கள். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நோயாளியின் தொண்டையிலிருந்து குழாயை எடுக்கிறோம் என்பதில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது.

'மயக்க மருந்து' என்று நாம் ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறோம். உள்ளே நடப்பது மூன்று காரியம். தூங்க வைப்பது ஒன்று, வலியை அடக்குவது இன்னொன்று, தசைகளைத் தளர்த்துவது மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி மருந்து. மூன்றாவதன் பெயர் தசைத் தளர்வூட்டி. வயிற்றைத் திறக்கும்போது வயிற்றுச் சுவர் பலகை மாதிரி விறைத்து நின்றால் அறுவை செய்பவரால் கையை உள்ளே விட முடியாது. குரல் நாண்கள் இறுக மூடியிருந்தால் மூச்சுக்குழாயில் குழாய் போட முடியாது. அதற்காகத்தான் இந்த மருந்து.

இது பிறந்த இடம் ஆஸ்பத்திரி இல்லை, காடு. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ காடுகளில் வாழ்ந்த மக்கள் சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சி அம்பு நுனியில் தடவினார்கள். க்யூராரே என்று பெயர். அடிபட்ட குரங்கு துடிக்காமல், கத்தாமல், பிடி தளர்ந்து மரத்திலிருந்து விழும். ஐரோப்பியர்களுக்கு இது பெரிய புதிர். சார்லஸ் வாட்டர்டன் என்கிற ஆங்கிலேயர் 1812-இல் கயானாக் காட்டுக்குள் போய் இந்த நஞ்சைக் கொண்டுவந்தார். 1814-இல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அதைச் செலுத்தினார்கள். கழுதை விழுந்தது, மூச்சு நின்றது. உடனே மூச்சுக்குழாயில் ஒரு துளை போட்டு, துருத்தியை வைத்துக் காற்றை ஊதினார்கள். மணிக்கணக்கில் ஊதினார்கள். கழுதை எழுந்து நின்றது. அதற்கு வவுராலியா என்று பெயர் வைத்து, வாட்டர்டன் தன் பண்ணையில் 1839 வரை வளர்த்தார். நஞ்சு அந்தக் கழுதையின் இதயத்தையோ மூளையையோ கெடுக்கவில்லை. மூச்சை இழுக்கும் தசையைச் சிறிது நேரம் வேலை செய்யவிடாமல் தடுத்தது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்கு வேறு யாராவது மூச்சு விட்டுக்கொடுத்தால் போதும், உயிர் நிற்கும். இன்றைய வென்டிலேட்டர் அந்தத் துருத்தியின் பேரன்.

நஞ்சு எங்கே வேலை செய்கிறது என்பதைக் கண்டவர் பிரான்சின் க்ளோத் பெர்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தவளைகளை வைத்துப் பார்த்தார். ஒரு பின்னங்காலுக்கு இரத்தம் போகாதபடி கட்டுப் போட்டார், நரம்பை மட்டும் கட்டுக்கு வெளியே விட்டார். பிறகு க்யூராரே கொடுத்தார். உடம்பு முழுக்கத் துவண்டது. துவண்ட பகுதியின் தோலைக் கிள்ளினார். கட்டுப் போட்ட கால் உதறியது! கிள்ளியதைத் தவளை உணர்ந்திருக்கிறது, செய்தி தண்டுவடம் வரை போய்த் திரும்பியிருக்கிறது. மருந்து போகாத காலுக்குத்தான் அதைக் காட்ட முடிந்தது. செயலிழந்த தசையில் நேராக மின்சாரம் வைத்தால் அதுவும் சுருங்கியது. அப்படியானால் நரம்பிலும் பழுதில்லை, தசையிலும் பழுதில்லை. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் கோளாறு.

அந்தச் சந்திப்பில் என்ன இருக்கிறது? நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி. நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின் என்கிற வேதிப்பொருள் வெளியே வந்து, அந்த இடைவெளியைத் தாண்டி, தசையின் மேலிருக்கும் ஏற்பிகளில் உட்காரும். உட்கார்ந்தால் தசை சுருங்கும். இந்த ஏற்பிகளைப் பேருந்து இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, க்யூராரே செய்வது அதைத்தான். துண்டு பயணம் செய்யாது, உட்கார வருகிறவரையும் விடாது. இன்று நாங்கள் பயன்படுத்தும் வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராகுரியம் எல்லாம் துண்டு போடும் சாதிதான். ஸ்கோலின் என்கிற தளர்வூட்டி மட்டும் வேறு ரகம். அது தானே போய் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும். அதனால் தசை முதலில் படபடவென்று துடித்துவிட்டுப் பிறகு அடங்கும். கண்ணைச் சுற்றிலும் தொடங்கித் தோள், வயிறு, கால் என்று அந்தத் துடிப்பு அலை மாதிரி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மறுநாள் மேலெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கிறது என்று சில நோயாளிகள் சொல்வது இந்த ஸ்கோலினால்தான்.

"எல்லாத் தசையும் தளர்ந்தால் இதயம் நிற்காதா?" என்று கேட்பீர்கள். நிற்காது. இந்த இருக்கைகள் நாம் நினைத்து அசைக்கிற எலும்புத் தசைகளில்தான் இருக்கின்றன. இதயம் தானே துடிப்பை உண்டாக்கிக்கொள்ளும் தசை. குடலும் கருப்பையும் வேறு வகை. இன்னொன்றும் உண்டு. இந்த மருந்துகளின் மூலக்கூறுகள் நிலையான மின்னேற்றம் கொண்டவை. உடம்பின் கொழுப்புச் சவ்வுகளைத் தாண்ட அவற்றால் லேசில் முடியாது. குடல் சுவரைத் தாண்டாததால் காட்டு மக்கள் அம்பு பட்ட இறைச்சியை அச்சமின்றிச் சாப்பிட்டார்கள். நஞ்சுக்கொடியை அதிகம் தாண்டாததால், சிசேரியன் மேசையில் தாயின் ஒரு விரலும் அசையாமல் கிடக்கும்போது உள்ளிருந்து எடுத்த குழந்தை வீறிட்டு அழுகிறது. மூளையின் தடுப்பைத் தாண்டாததால் தளர்வூட்டி தூக்கத்தைத் தராது, வலியைக் குறைக்காது. 1940-களில் அமெரிக்காவின் ஸ்காட் ஸ்மித் என்கிற மயக்கவியல் மருத்துவர் தூக்க மருந்து எதுவும் இல்லாமல் தன் உடம்பிலேயே க்யூராரேயை முழு அளவில் செலுத்திக்கொண்டார். உடம்பு முழுக்க அடங்கியது. நினைவு ஒரு கணமும் தப்பவில்லை என்று பிறகு எழுதினார். 1977-இல் ஸ்காட்லாந்தில் மைக்கேல் டன்ஸ்டால் தளர்வூட்டி கொடுக்கும் முன் நோயாளியின் ஒரு கையில் பட்டை கட்டி இரத்தத்தை நிறுத்தி, "விழித்திருந்தால் விரலை அசையுங்கள்" என்று கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். பெர்னார் தவளைக் காலில் போட்ட அதே கட்டு, மனிதக் கைக்கு வந்துவிட்டது.

இனி மருந்து அறுவை அரங்குக்கு வந்த கதை. 1942 ஜனவரி 23, கனடாவின் மான்ட்ரியல். ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்குத் தூய்மைப்படுத்திய க்யூராரேயைக் கொடுத்தார்கள். கொடுத்த அளவு சிறியது. வயிறு இளகியது, மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்கிறேன்: வயிறு இளகியது, மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே இரத்தம், ஒரே மருந்து, ஒரே நேரம். ஒரு தசை அடங்கிவிட்டது, இன்னொன்று அடங்கவில்லை. இன்று நான் பேச வந்த விஷயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

சிறிது சிறிதாக மருந்தை ஏற்றினால் உடம்பு ஒரு வரிசைப்படி தளரும். இமை சரியும், பார்வை இரண்டாகத் தெரியும். தாடை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும். கழுத்து நிற்காது. கை கால் சோரும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் ஓயும். எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் அசைந்துகொண்டிருக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூரை போலக் கவிந்திருக்கும் உதரவிதானம்.

பிறந்த நிமிஷம் முதல் ஓய்வில்லாமல் உழைக்கிற தசை அல்லவா, சுலபமாக விட்டுக்கொடுக்குமா? எவ்வளவு பிடிவாதம் என்பதை அதே மான்ட்ரியலில் 1986-இல் பிரான்சுவா டோனாட்டியும் டேவிட் பெவனும் அளந்து காட்டினார்கள். பான்குரோனியம் என்கிற மருந்தில், கட்டைவிரலை அடக்க ஒரு பங்கு போதுமென்றால் உதரவிதானத்தை அதே அளவுக்கு அடக்க ஏறக்குறைய இரண்டு பங்கு வேண்டியிருந்தது. குரல் நாண்களை மூடும் தசைகளும் இதே பிடிவாதக் கட்சிதான்.

இதற்குக் காரணம் என்ன? ஒன்று, கையிருப்பு. சாதாரணத் தசையிலேயே நூற்றுக்கு எழுபத்தைந்து இருக்கையில் துண்டு விழுந்த பிறகுதான் பலவீனம் தெரியவே தொடங்கும். தொண்ணூறைத் தாண்டினால்தான் அசைவு அடியோடு நிற்கும். இயற்கை அவ்வளவு உபரி வைத்திருக்கிறது. உதரவிதானத்தில் அந்த உபரி இன்னும் அதிகம். விரல்விட்டு எண்ணக்கூடிய இருக்கைகள் காலியாக இருந்தாலும் வண்டி ஓடும்.

இரண்டாவது காரணம் பாசனம். டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் தலைமடை வயல் முதலில் நனையும், கடைமடைக்கு வந்து சேர நேரமாகும். உதரவிதானமும் குரல்வளையும் தலைமடை: இதயத்துக்குப் பக்கம், இரத்த ஓட்டமும் அதிகம். கட்டைவிரல் கடைமடை. அதனால் ஒரு வேடிக்கை நடக்கும். நிறைய மருந்தை ஒரே மூச்சில் கொடுத்தால், அதிகம் எதிர்க்கிற உதரவிதானமும் குரல் நாணும் கட்டைவிரலுக்கு முன்பே அடங்கிவிடும். மருந்து இரத்தத்திலிருந்து வடியத் தொடங்கினால் அவையே முதலில் விழித்துக்கொள்ளும். சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழும் ஆட்கள். கட்டைவிரல் தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழும்.

அறுவை செய்பவருக்கும் எங்களுக்கும் தியேட்டரில் நடக்கும் பழைய சண்டைக்கு இதுவே மூலம். "பேஷன்ட் டைட்டா இருக்கார், ரிலாக்ஸன்ட் குடுங்க" என்று அவர் சத்தம் போடுவார். கட்டைவிரல் அசைவைப் பார்க்கும் எங்கள் கருவியில் அது சிறிதும் அசைந்திருக்காது. "முழுசாத்தானே இருக்கு" என்று நாங்கள் சொல்வோம். இருவர் சொல்வதும் உண்மை. அவர் கை வைத்திருக்கும் வயிற்றுச் சுவர் கட்டைவிரலுக்கு முன்பே எழுந்துவிடும் தசை. அதற்கு மேலே உதரவிதானம் விக்கல் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இது வரைக்கும் கேட்டவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். "மூச்சுத் தசை அதிகம் எதிர்க்கிறது, முதலில் எழுகிறது. நல்லதுதானே?" நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு பிற்பகல்.

ஐம்பது வயதுப் பெண்மணி. பித்தப்பை அறுவை. தளர்வூட்டி பான்குரோனியம். முடிந்ததும் தளர்வை முறிக்கும் ரிவர்சல் மருந்து கொடுத்தேன். நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தார். குழாயை எடுத்தேன், வார்டுக்குப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி எங்களுக்கு அப்போது வந்திருக்கவில்லை. பத்து நிமிஷத்தில் சிஸ்டர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் உதடு கறுத்திருக்கிறது. நெஞ்சு விடாமல் இழுக்கிறது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை; இழுக்க இழுக்கக் கழுத்துக் குழி உள்வாங்குகிறது. தொண்டையில் எச்சில் களகளவென்று சத்தம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அனுபவமுள்ள அந்தச் சிஸ்டர் தாடையைத் தூக்கிப் பிடித்து, எச்சிலை உறிஞ்சி எடுத்துவிட்டார். காற்று போயிற்று, நிறம் திரும்பியது. பிழைத்தார்.

மறுநாள் அந்தம்மாவிடம் போய் நின்றேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மூச்சு என்னமோ வந்துச்சு சார். எச்சிலைத்தான் முழுங்க முடியல."

மயக்கவியல் பாடப் புத்தகத்தில் நான் படித்தும் புரியாமல் விட்டதை அந்தம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். மூச்சை இழுக்கிற தசை பலசாலி. மூச்சு போகிற வழியைத் திறந்து காக்கிற தசைகள் சாது: நாக்கை முன்னே பிடித்துவைக்கும் தசை, தொண்டைச் சுவர், விழுங்கும் தசைகள். கொஞ்சம் மருந்துக்கே துவளும், எழுந்திருக்க நேரமெடுக்கும். வீட்டுக்குள் எஜமான் எழுந்துவிட்டார், வாசல் காவல்காரன் இன்னும் தூங்குகிறான். அந்த இடைவெளியில் நாக்கு பின்னால் சரியலாம், எச்சிலோ வாந்தியோ நுரையீரலுக்குள் இறங்கலாம்.

இது என் ஒருவனின் தவறு மட்டுமில்லை. 1954-இல் பீச்சர், டாட் என்ற இரு அமெரிக்கர்கள் பத்து ஆஸ்பத்திரிகளில் நடந்த ஏறக்குறைய 6 லட்சம் மயக்கங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மயக்கத்தோடு தொடர்புள்ள மரணம், தளர்வூட்டி இல்லாதபோது 2100 பேருக்கு ஒன்று. தளர்வூட்டி கொடுத்தபோது 370 பேருக்கு ஒன்று. மருந்திலேயே ஏதோ நச்சுத்தன்மை இருக்கிறது என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்த மரணங்களில் பலவற்றுக்கு அறுவைக்குப் பிறகு மிச்சமிருந்த தளர்வே காரணமாக இருந்திருக்கும் என்பது பிற்காலத்தவர் பார்வை.

அப்படியானால் மிச்சம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 1970-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே மூவரும் ஓர் எளிய வழி சொன்னார்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்புக்கு அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு சிறு மின் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் வெட்டி இழுக்கும். நல்ல தசையில் நான்காவது இழுப்பும் முதலாவதும் சமம். மருந்து மிச்சமிருந்தால் இழுப்பு படிப்படியாகத் தேயும். நான்காவதை முதலாவதால் வகுத்தால் ஒரு விகிதம். அது 0.7 வந்தால் போதும் என்று வெகுகாலம் நினைத்தோம். மூச்சுக்கு அது போதும்தான். 1990-களில் ஸ்வீடனில் எரிக்சனும் கூட்டாளிகளும் விழித்திருந்த தன்னார்வலர்களுக்குச் சிறிதளவு வெக்குரோனியம் கொடுத்து விழுங்கச் சொல்லி அளந்தார்கள். விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தவரை விழுங்குவது ஒழுங்காக நடக்கவில்லை. இன்றைக்கு 0.9 என்பதே எல்லைக்கோடு.

கடைமடை விரலைப் போய்ச் சாட்சிக்குக் கூப்பிடுவானேன் என்றால், அது தாமதமாக எழுவதால்தான். கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதென்றால் தலைமடையைப் பார்க்க வேண்டியதில்லை. அறுவையின்போது நோயாளியின் கைகள் துணிக்கு அடியில் ஒடுங்கியிருக்கும், முகம்தான் எங்கள் பக்கம் இருக்கும். சௌகரியமென்று சிலர் மின் தட்டை முகத்தில் வைத்துப் புருவத்தைப் பார்ப்பார்கள். புருவத்தைச் சுளிக்கும் தசை குரல் நாண் தசையின் ஜோடி. எதிர்ப்பு அதிகம், சீக்கிரம் எழும். 2001-இல் பெனுவா ப்ளோவும் டோனாட்டியும் சேர்ந்து இதை நிறுவினார்கள். ஆகவே குழாய் போடத் தொண்டை தயாரா என்று பார்க்கப் புருவம் நல்ல சாட்சி. குழாயை எடுக்கலாமா என்பதற்கு அது ஆபத்தான சாட்சி. எல்லோருக்கும் முன்னால் எழுந்துகொண்டு "எல்லாரும் எழுந்தாச்சு" என்று சொல்லும். கண்ணைச் சுற்றியுள்ள தசைகளை நம்பாதீர்கள், கட்டைவிரலைக் கருவியால் அளந்து பாருங்கள் என்று அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2023-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

'கருவியால்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். விரலைத் தொட்டோ கண்ணால் பார்த்தோ தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது விகிதம் 0.4 வரைதான் முடியும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய அனுபவசாலியின் கண்ணுக்கும் நான்கும் சமமாகத்தான் தெரியும். 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில் ஒரு குருட்டு இடம். என் பித்தப்பைப் பெண்மணி அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

மருந்தை முறிக்க இரண்டு வழி உண்டு. பழையது நியோஸ்டிக்மின். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கும். அதாவது பேருந்து நிலையத்தில் பயணிகள் கூட்டத்தைப் பெருக்கும். நெரிசலில் துண்டுகள் நகரும். எல்லா இருக்கையிலும் துண்டு கிடக்கும்போது எவ்வளவு கூட்டம் வந்தும் பயனில்லை. அதனால்தான் நான்கு இழுப்பும் தெரிய ஆரம்பித்த பிறகு கொடுக்க வேண்டும். புதியது சுகமாடெக்ஸ்: ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி பெற்றது. சர்க்கரை மூலக்கூறுகள் வளையமாகக் கோத்த பொருள். ரோக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் தன் குழிக்குள் இழுத்து மூடிக்கொள்ளும். துண்டையே சுருட்டி எடுத்துப்போகும் நடத்துநர். அட்ராகுரியத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது. எதைக் கொடுத்தாலும் கொடுத்த பிறகு அளந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை.

நண்பர்களே, ஆரம்பத்தில் செய்த மூன்று வேலைகளையும் இன்னொரு தடவை செய்யுங்கள். புருவம் சுளிக்கிறீர்கள்: முந்திக்கொண்டு எழும் தசை. கட்டைவிரலை ஒட்டுகிறீர்கள்: பொறுமையாக எழும் சாட்சி. எச்சிலை விழுங்குகிறீர்கள். எதற்காக மற்ற இரண்டையும் கவனிக்கிறோமோ அந்த வேலை இது.

அந்தம்மாவுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கருவி 0.9 காட்டிக் குழாயை எடுத்த பிறகும், நோயாளி நன்றாக விழித்ததும் காதருகே குனிந்து, "எச்சிலை முழுங்குங்க பார்ப்போம்" என்பேன். தொண்டைமேடு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் பக்கத்தை விட்டு நகர்வேன். கருவி சொன்னதை இது மாற்றாது, எனக்காகச் செய்வது.

அதன் பிறகு கதவைத் திறந்து வெளியே வருவேன். "மூச்சு நல்லா வருதா டாக்டர்?" என்பார்கள். "வருது. எச்சிலும் முழுங்கிட்டாங்க" என்பேன். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. டாக்டருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இனிமேல் உங்களுக்குப் புரியும்.